வேலி நின்றது… முயல்தான் போச்சு!

இரண்டு இதழ்களுக்கு முன்னால் கேள்வி-பதில் பகுதியில் கோபிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். பையனுக்காக ஒரு ஜோடி முயல் வாங்கியிருக்கிறாராம். பகலில் மண்ணில் விட்டு வளர்க்க எந்த வலை நல்லது என்பது கேள்வி. கம்பியின் கனம், கண்ணின் அளவு எல்லாம் பதிலில் சரியாகவே வந்திருந்தது. படித்துவிட்டு எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. சரியான வலை போட்டும் முயலைப் பறிகொடுத்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கிறது. போன வருடம் பொங்கல் கழிந்து சந்தைக்குப் போனபோது, ஆறாவது படிக்கும் மகள் பிடிவாதம் பிடித்து ஒரு ஜோடி முயல்குட்டி வாங்கினாள். 300 ரூபாய். ஒன்று வெள்ளை, பெயர் பஞ்சு. இன்னொன்று சாம்பல் நிறம், பெயர் மிட்டாய். விற்றவர் காதைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். அது தவறு என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு கை நெஞ்சுக்கடியிலும் ஒரு கை பின்னங்காலுக்கடியிலும் கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

பண்ணையில் வளர்ப்பதுபோல உயரத்தில் கம்பித்தரைக் கூண்டு வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கறி முயல்களைக் கொட்டகைக்குள் கூண்டில்தான் வைத்திருப்பார்கள். பண்ணைக்கு அதுதான் சரி. சாணம் கீழே விழுந்துவிடும், நோய் குறையும், ஆளும் குறைவாகப் போதும். ஆனால் என் மகளுக்கு அது ஓடுவதைப் பார்க்க வேண்டும். "கூண்டுல குந்த வெக்கறதுக்கு எதுக்குப்பா வாங்குனோம்?" என்றாள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆறடிக்கு நாலடியில் மூன்றடி உயரத்துக்கு ஓர் அடைப்பு போட்டேன். நாலு மூலைக்கும் சவுக்குக் குச்சி. சுற்றிலும் கடையில் கோழிவலை என்று கேட்டால் கொடுக்கும் அறுகோணக் கண் வலை. மேலே தென்னந்தடுக்கு. செலவு 1,800 ரூபாய். வாடை அடிக்கும் என்று அம்மா சத்தம் போட்டதால், ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் மக்காச்சோளக் காட்டோரமாக வைத்தேன். இடம் தேர்ந்ததிலேயே பாதித் தவறு நடந்துவிட்டது. அது அப்போது புரியவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் வெடியால போய்ப் பார்த்தால் வலைக்கடியில் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம். கோழிவலைக் கம்பி நூலாகப் பிரிந்து கிடந்தது. பஞ்சு இல்லை. மக்காச்சோளச் சாலில் வெள்ளை ரோமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அடைப்பின் எதிர் மூலையில் மிட்டாய் சுருண்டு கிடந்தது. எப்படித் தப்பியது என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்றைக் கவ்விய நாய்கள் அதற்குச் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போயிருக்க வேண்டும்.

கோழிவலை என்பது கோழி வெளியே போகாமல் இருப்பதற்கான வலை. நாய் உள்ளே வராமல் இருப்பதற்கானது அல்ல. அதன் கம்பி முக்கால் மில்லி கனம்கூடத் தேறாது, நாய்ப் பல்லுக்கு ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கே அன்னூர் போய் 14 கேஜ் வெல்டு மெஷ் வாங்கி வந்தேன். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி கனம் கூடும் என்பதைக் கடைக்காரரிடம்தான் கற்றுக்கொண்டேன். 14 என்றால் இரண்டு மில்லி. பழைய அடைப்பைச் சுற்றிலும் அதையே போர்த்தி, ஓரடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்து, மேலேயும் மூடினேன். இன்னொரு நாலாயிரம் ஆனது. இனி யானை வந்தால்தான் உண்டு என்று மகளிடம் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, இரவு இரண்டு மணி வாக்கில் பட்டிப் பக்கம் நாய்கள் குரைத்தன. ஆடு பத்திரமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது. படுத்துவிட்டேன். காலையில் போனால் அடைப்பு அப்படியே நிற்கிறது. ஒரு கண்கூடப் பிரியவில்லை. சுற்றிலும் மண் பிராண்டப்பட்டிருந்தது. ஆனால் ஒரு பள்ளமும் உள்ளே எட்டவில்லை. மிட்டாய் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தது. மேலில் ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

மகள் வலையைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்தாள். "வேலி நல்லாத்தானப்பா இருக்குது. அப்புறம் ஏன் செத்துச்சு?"

பாம்பாக இருக்கும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். சரியென்று ஒரு துணியில் சுற்றி, அவளையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். செத்த முயலைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளை அங்கே வரிசையில் நின்றவர்கள் ஒருமாதிரிதான் பார்த்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. முதுகை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் இடுப்புக்குச் சற்று மேலே நிறுத்தினார்.

"இங்க ஒடிஞ்சிருக்குது பாருங்க. பாம்பு கீம்பு ஒண்ணுமில்லீங்க. பயத்துல எகிறி எகிறிக் குதிச்சு வலையில மோதியிருக்குது."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். முயலின் உடல் எடையில் எலும்பு 7, 8 சதவீதம்தான். ஆனால் பின்னங்கால் சதை அவ்வளவு பலம். ஓட வழியில்லாத இடத்தில் முழுப் பலத்தோடு உதைத்தால் அதன் உதையே அதன் முதுகை ஒடித்துவிடும். சில முயல்கள் எலும்பு ஒடியாமலேயே, வெறும் பயத்திலேயே அதிர்ச்சி தாங்காமல் செத்துப்போகும். நாய் கடிக்க வேண்டியதே இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு விட்டாலே போதும்.

"ஒளியறதுக்கு உள்ள என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

ஒன்றும் வைக்கவில்லை. ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு தீனித் தட்டு. அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரவில் தண்ணி கட்டப் போகிறவர்கள் எல்லோரும் காட்டு முயலைப் பார்த்திருப்போம். டார்ச் வெளிச்சத்தில் கண் மின்னும், அடுத்த நொடி காடு தாண்டியிருக்கும். அதுவும் சந்தையில் விற்கும் முயலும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு. நம் காட்டு முயல் வளை தோண்டி வாழாது. வெட்டவெளியில் புல்லுக்குள் பதுங்கும், ஆபத்து வந்தால் ஓட்டத்தை நம்பும். அதன் குட்டி கண் திறந்து, ரோமத்தோடு பிறக்கும். வீட்டில் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஐரோப்பா. அது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த சாதி. குட்டி கண் திறக்காமல், ரோமமில்லாமல் எலிக்குஞ்சுபோலப் பிறக்கும். ஆபத்து என்றால் அதற்கு முதலில் தோன்றுவது ஓட்டம் அல்ல, பொந்து. பொந்தே இல்லாத நாலு சுவருக்குள் அதைவிட்டுச் சுற்றிலும் நாயை நிறுத்தினால், அது வேறெங்கே போகும்? நான் கட்டியது முயலுக்குப் பாதுகாப்பு அல்ல, தப்ப முடியாத பொறி.

(காட்டு முயல் குட்டியை வயலில் பிடித்து வந்து பிள்ளைகளிடம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். குட்டியும் பெரும்பாலும் பிழைக்காது. பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது.)

அந்த வாரம் வெள்ளகோவில் பக்கம் மச்சான் வீட்டுக்கு ஒரு காரியமாகப் போயிருந்தேன். அவர் கொறங்காட்டில் செம்மறி வைத்திருக்கிறார். காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கமெல்லாம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கொல்வதும், செத்த ஆட்டை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்ததும், 2025-இல் அரசு இழப்பீடு அறிவித்ததும் நம் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். மச்சானும் ஒரு ராத்திரியில் இழந்தவர். முயல் கதையைச் சொன்னேன். மற்றவர்கள்போலச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எம்பட பட்டியிலயும் அதேதான் மாப்ள. கடிபட்டுச் செத்தது பாதிதான். மீதி, பயந்துக்கிட்டு மூலையில நெருக்கி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் செத்தது. அதுக்கு மேல ஒரு பல்லுக்குறி இல்ல."

கிளுவை வேலி ஆடு வெளியே போகாமல் இருக்கத்தான் நம் முன்னோர் வைத்தது. அன்றைக்கு ராத்திரி காவலுக்குப் பட்டியிலேயே ஆள் படுத்திருந்தான். இன்றைக்கு வேலி மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. மச்சான் இப்போது பட்டிப் படலுக்கு வெளியே ஆறடி தள்ளி இன்னொரு சுற்றுக் கம்பிவலை போட்டிருக்கிறார். நாய் வந்தாலும் ஆட்டின் மூக்குக்கு நேராக வந்து நிற்க முடியாது. அந்த ஆறடிதான் அவரிடம் நான் எடுத்துக்கொண்ட பாடம்.

ஊரில் ஒரு பங்காளி சுலபமான வழி சொன்னார். "சோத்துல மருந்து வெச்சரலாங்க, ஒரே ராத்திரியில முடிஞ்சுரும்." வேண்டாம் என்றேன். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்தச் சோற்றை மயிலும் தின்னும், என் வீட்டு நாயும் தின்னும். இரண்டு மாதத்தில் பக்கத்து ஊர் நாய் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

கட்டுவதற்கு முன்னால், என்னவெல்லாம் வருகிறது என்று பார்க்க நினைத்தேன். வீட்டைச் சுற்றி, கட்ட நினைத்த இடத்தில் ஓர் அடி அகலத்துக்குச் சலித்த சாம்பலும் நைஸ் மண்ணும் கலந்து தூவினோம். ஏழு நாள் காலையிலும் மகள்தான் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தாள். நாய்க்கு நாலு விரலும் நகக்குறியும் பதியும். பூனைக்கு நகம் பதியாது. ஐந்து விரலும் நீண்ட நகமுமாகச் சின்னத் தடம் இருந்தது, அது கீரி. ஒரு நாள் சாரைப்பாம்பு போன கோடு. இன்னொரு நாள் தென்னை மரத்தடியில் ஐந்து விரல் தடம். மரநாய் என்று அம்மா சொன்னார். கூரைமேல் நடக்கும் சத்தத்தை வைத்து அவருக்கு அது பழக்கம். பகலில் மேலே பருந்தும் வல்லூறும். ஏழு நாளில் நாய்த் தடம் இல்லாத நாள் இரண்டே இரண்டுதான். யாராவது கட்டப் போகிறீர்கள் என்றால், காசு செலவழிக்கும் முன் இந்த ஒரு வாரத்தைச் செலவழியுங்கள். மலையோரம் தொண்டாமுத்தூர், காரமடைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிறுத்தையும் உண்டு. அங்கே முயலை ராத்திரி வெளியே வைக்கும் பேச்சே வேண்டாம், வீட்டுக்குள்தான்.

இடத்தை மாற்றினேன். வீட்டுக் கிழக்குச் சுவரை ஒட்டி, நாங்கள் படுக்கும் அறையின் சன்னலுக்குக் கீழே. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்துதான் அடிக்கும், அதை வீடு தடுத்துவிடும். மத்தியானத்துக்குப் பிறகு நிழலும் வந்துவிடும். முக்கியமானது, ராத்திரி ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் எனக்குத் தெரியும். வாடை வரும் என்று அம்மா மறுபடி ஆரம்பித்தார். தினம் கூட்டுகிறேன் என்று மகள் சத்தியம் செய்த பிறகுதான் விட்டார்.

அளவு பத்தடிக்கு ஆறடி. உயரம் ஆறடி. உயரம் குறைத்தால் வலை மிச்சம்தான். ஆனால் உள்ளே போய்க் கூட்டவும் குழி மூடவும் ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும். நிற்க முடியாத இடத்தைக் கொஞ்ச நாளில் யாரும் சுத்தம் செய்ய மாட்டோம். மூலைக்கு ஒன்றாகத் தோட்டத்தில் கிடந்த பழைய கல்லுக்கால் நான்கு, நடுவில் ஆங்கிள். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அரை அங்குலக் கண் உள்ள 14 கேஜ் வலை. அதற்கு மேலும் கூரைக்கும் ஒரு அங்குலக் கண் போதும் என்று முடிவு செய்தேன். அரை அங்குலத்தில் கீரிக்குட்டியும் எலியும் நுழையாது, வளர்ந்த சாரையும் நுழையாது. மேல் பக்கம் ஒரு அங்குலமாக இருப்பதில் பாம்பு ஏறி வர வாய்ப்பு இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. காசு இருந்தால் முழுக்க அரை அங்குலமே போடுங்கள். குட்டி போடும் முயல் என்றால் கடன் வாங்கியாவது போடுங்கள்.

புதைப்பதில்தான் நான் முன்பு ஏமாந்தேன். நேராக ஓரடி ஆழம் புதைத்தது நாயைத் தடுத்தது என்னவோ உண்மை. ஆனால் ராத்திரி முழுக்க வலையை ஒட்டியே நின்று தோண்ட விட்டது. இந்த முறை வலையின் அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக மடித்து, இரண்டடி அகலத்துக்குத் தரையோடு படுக்கவைத்தேன். நாலு விரல் மண்ணைச் செதுக்கி எடுத்து, வலையைப் பரப்பி, மேலே மண்ணும் வெங்கச்சங்கல்லும் போட்டு மூடியாயிற்று. தோண்ட வரும் பிராணி சுவரை ஒட்டித்தான் பிராண்டும். பிராண்டினால் கால் வலையில் படும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டினால் உள்ளே போகலாம் என்று அதற்குத் தோன்றாது. கல் குத்துவதால் அங்கே சுகமாக நிற்கவும் முடியாது. மூலைகளில் வலையை வெட்டி மடிக்கும்போது இடைவெளி விழும். அங்கே தனித்துண்டு வைத்துக் கட்டுக்கம்பியால் தைக்க வேண்டும்.

உள்ளேயிருந்து முயல் தோண்டுமே என்று கேட்பீர்கள். தோண்டும். அதற்குத்தான் பழைய கோழிவலை உதவியது. உள்தரை முழுக்க அதை விரித்து, மேலே முக்கால் அடி மண் போட்டு மேடாக்கினேன். முயல் ஆசை தீரத் தோண்டலாம், வலை வந்ததும் நின்றுவிடும். மண்ணுக்குள் அது சில வருடத்தில் துருப்பிடித்துப் போகும். அப்போது பார்த்துக்கொள்ளலாம். மேடாக இருப்பதால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கவில்லை. ஈரம் தங்கினால் முயலுக்கு ரத்தக்கழிச்சல் வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

கதவைப் பற்றி வெல்டிங் பட்டறைத் தம்பியோடு அரை மணி நேரம் வாக்குவாதம். உள்பக்கம் திறக்கும்படி வைத்தால் இடம் அடைக்காது என்றார் அவர். வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்றேன். வெளியிலிருந்து நாய் முட்டினால் கதவு சட்டத்தோடு அழுந்த வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவு ஒவ்வொரு முட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி, கதவுக்கடியில் சிமெண்டில் ஒரு வாசற்படி. கொண்டியில் சும்மா ஒரு ஆணியைச் செருகி வைக்காதீர்கள். குரங்கு உள்ள ஊர் என்றால் பூட்டே போடுங்கள்.

இவ்வளவும் வலை, கல், கம்பி சமாச்சாரம். இதற்குப் பிறகு செய்ததுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

அடைப்புக்குள் வீட்டுச் சுவரை ஒட்டி, செங்கல்லில் மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு சின்ன அறை. உயரம் ஒன்றரை அடி. மேலே கடப்பாக்கல், அதன்மேல் சோளத்தட்டு. இரண்டு வாசல், ஒவ்வொன்றும் அரை அடிச் சதுரம். ஒரு வாசல் மட்டும் வைக்கக் கூடாது. எதிரி அந்த வாசலில் நின்றால் உள்ளே இருப்பது மறுபடி பொறிதான். வாசலுக்கு நேரே உள்ளே ஒரு குறுக்குச் சுவர், அதைச் சுற்றித்தான் உள்ளறைக்குப் போக முடியும். வெளியே நின்று குனிந்து பார்த்தாலும் முயல் கண்ணில் படாது. முயல் கண்ணிலும் நாய் படாது. தோட்டத்தில் வாய்க்காலுக்குப் போட்ட பழைய எட்டு அங்குல சிமெண்ட் குழாய் ஒன்று உடைந்து கிடந்தது. அதையும் நடுவில் பாதி புதைத்து வைத்தேன். அடைப்பின் எந்த மூலையில் இருந்தாலும் நாலு தாவலில் ஏதாவது ஒரு பொந்து கிடைக்க வேண்டும் என்பது கணக்கு.

பொழுதோட ஆறரைக்கு உள்ளறையில் அடைத்து இரண்டு வாசலுக்கும் பலகை இறக்கிவிடுவோம். பலகையில் காற்றுக்கு ஓட்டை இருக்கிறது. முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும். நாய் அலைவதும் அதே நேரத்தில்தான். ஆகவே காலையில் ஏழரைக்கு மேல்தான் திறப்போம்.

கடைசியாக மச்சானின் ஆறடி. வலைக்கு வெளியே, கல் பாவிய இடத்தையும் தாண்டி, மூன்று பக்கமும் கிளுவைப் போத்து நட்டோம். அது நெருங்கி வளர ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதுவரைக்கும் சோளத்தட்டுப் படலும் முள்ளும். படல் நாயைத் தடுக்காது. ஆனால் பார்வையை மறைக்கும், நாய் நேராக வலையில் வந்து மூக்கை வைப்பதைக் குறைக்கும்.

மொத்தச் செலவு 22,000 ரூபாய்க்குப் பக்கம். கணக்கு நோட்டைப் பார்த்த வீட்டம்மா, "ஏனுங்க, முன்னூறு ரூபா முயலுக்கு இருவதாயிரத்துல வூடு கட்டற ஆளு இந்தச் சில்லாவுலயே நீங்க ஒருத்தருதானுங்க" என்றாள். கோழிவலைக்கு 1,800, அதற்குப் பிறகு 4,000, இரண்டும் மண்ணோடு போனது. மகள் ஒரு மாதம் பட்டிப் பக்கமே போகாமல் இருந்ததற்கு எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்கலாமென்று பார்த்தேன். கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும்.

ஆனி மாதம் இரண்டு பெட்டை முயல் வாங்கினோம். ஆணும் பெட்டையுமாக வாங்கினால் 31 நாளுக்கு ஒருமுறை குட்டி என்று கிளம்பிவிடும். தனியாக ஒன்றை வைத்தாலும் அது சரியாக இருக்காது. மகள் இந்த முறை மூன்று வாரம் பெயரே வைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தீனிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலிமசால், அருகம்புல், கல்யாண முருங்கை, கொஞ்சம் கோ-4. தக்காளிச் செடி, உருளைக்கிழங்குத் தழை, அரளி இவை பக்கத்திலேயே வரக் கூடாது. வெயில்தான் நம் ஊரில் நாய்க்கு அடுத்த எதிரி. முயலுக்கு வேர்க்காது, காது வழியாகத்தான் சூடு தணியும். 30 டிகிரிக்கு மேல் போனாலே மூச்சு வாங்கும். சித்திரையில் 36, 37 அடிக்கும் ஊரில் தகரக் கூரை போட்டால் அதுவே கொன்றுவிடும். கூரை வலையின் பாதிக்குமேல் தென்னங்கீற்று போட்டிருக்கிறேன். மத்தியானம் ஒரு மண்சட்டியை நனைத்துக் கவிழ்த்து வைத்தால் இரண்டும் அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். செங்கல் அறைமேல் ஈரச் சாக்கு.

ஆவணியில் ஒரு ராத்திரி நாய்கள் வந்தன. சன்னலுக்குக் கீழே கல் உருளும் சத்தம் கேட்டு எழுந்தேன். டார்ச்சோடு வெளியே போவதற்குள் மகள் எனக்கு முன்னால் கதவருகே நிற்கிறாள். நாலு நாய். ஒன்று படலைத் தாண்டி உள்ளே வந்து வலையோரம் கல்லைப் பிராண்டிக்கொண்டிருந்தது. விரட்டினேன். உடனே பலகையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று கை போனது. "வேண்டாம்ப்பா, நம்மளப் பாத்தும் பயந்துக்கும்" என்றாள். டாக்டர் சொன்னதை நோட்டில் எழுதியவள் அவள்தானே. இருவரும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். அரை மணி நேரம் கழித்துச் செங்கல் அறைக்குள்ளிருந்து புல் மெல்லும் சத்தம் கேட்டது. முயல் பயந்திருந்தால் தின்னாது. அந்தக் கரகர சத்தத்தைக் கேட்ட பிறகுதான் உள்ளே போய்ப் படுத்தோம்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் செங்கல் அறைமேல் சாக்பீஸால் இரண்டு பெயர் எழுதியிருந்தாள். கருப்பி, செம்பி. மழைக்கு அழிந்துவிட்டது. மறுபடி எழுதியிருக்கிறாள்.

கோபி வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வலை வாங்கப் போகும் முன், பையன் உயரத்துக்கு அல்ல, முயல் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். அந்த இடத்திலிருந்து ஒளிய எத்தனை பொந்து தெரிகிறது என்று எண்ணுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால், வலையை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம். உடைந்த பானை இரண்டு உங்கள் வீட்டிலேயே கிடக்கும்.

நேற்று மறுபடியும் வடக்கு மூலையில் இரண்டு கல் புரண்டு கிடந்தது. வலையின் ஓரம் ஒரு விரல் அளவுக்கு வெளியே தெரிகிறது. இன்று பொழுதோட மம்முட்டியை எடுத்துக்கொண்டு போய் அதை மூட வேண்டும்.